எக்ஸ்போசிட்டோன்னா எந்த ஆளுங்க?

"பேரு மத்தேயோ. சரி, இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி ஒண்ணு தொங்குதே, அது இன்னா?"

இளஞ்செழியன் போட்ட சத்தத்தில் களத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. ஸ்பெயின் நாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் மகள் தனுஷா, மறுமுனையில் நிதானமாகத்தான் இருந்தாள்.

"எக்ஸ்போசிட்டோ. அது அவங்க குடும்பப் பேருப்பா."

"குடும்பப் பேருன்னா? எந்த ஆளுங்க?"

"மனுஷ ஆளுங்க."

போனைக் கட்டில்மேல் வீசினார். அது மெத்தையில் விழுந்து உடையாமல் போனதில் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

நைனார்பாளையத்தில் ஆறு ஏக்கர் கரும்பும் ஊரில் ஒரு மரியாதையும் உள்ளவர் இளஞ்செழியன். வெள்ளைக்காரன் மருமகனாக வருவதில் கூட அவருக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் கல்யாணப் பேச்சு என்று எடுத்தால் நாலு பேர் முதலில் கேட்பது "எந்த ஆளுங்க?" என்றுதான். அதற்குப் பதில் இல்லாமல் பந்தியில் எப்படி உட்காருவது?

"பையன் மூஞ்சைப் பார்த்தா நல்ல மாதிரியாத் தான் தெரியுது," என்றாள் மனைவி செவ்வந்தி.

"மூஞ்சை வெச்சி இன்னா பண்றது? வரச் சொல்லு உன் தம்பியை!"

தம்பி பிரவீன்குமார் சின்னசேலத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். இங்கிலீஷ் தெரியும் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவன். வந்ததும் வராததுமாக, பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பார்த்தான்.

"இதுல இன்னா மாமா கஷ்டம்? எக்ஸ்போ... எக்ஸ்போர்ட்! ஏத்துமதி பண்ற பரம்பரை."

இளஞ்செழியனின் கோபம் சட்டென்று பாதியாக இறங்கியது. மறுநாள் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு வண்டியோடு வரிசையில் நின்றபோது, யாரும் கேட்காமலே முன்னும் பின்னும் நின்றவர்களிடம் சொன்னார். "சம்பந்தி வூடு ஏத்துமதிக் குடும்பம். ஸ்பெயின்ல."

சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் போன் செய்துவிட்டார்கள். மஞ்சள் எடுப்பார்களா, மக்காச்சோளம் எடுப்பார்களா, கப்பல் எங்கிருந்து கிளம்பும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர், மாதிரி பார்க்கட்டும் என்று ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கையே வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

தனுஷாவுக்குப் போன் போட்டார். "அவங்க அப்பா இன்னா ஏத்துமதி பண்றாரு?"

"அவரு பஸ் டிரைவருப்பா."

மரவள்ளி மூட்டையை ஓர் உதை விட்டார். அது அசையவில்லை. கட்டைவிரல்தான் வீங்கியது. அந்தக் காலோடு நொண்டிக்கொண்டே போய் மச்சானை அவன் கடை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினார். "கடையில உக்காந்துகினு ஸ்டிக்கர் ஒட்றவனுக்கு இன்னாடா தெரியும்! ஒழுங்காப் பார்த்துச் சொல்றா!"

பயந்துபோன பிரவீன்குமார் இந்த முறை போனில் தேடினான். "மாமா, கிடைச்சிருச்சி! இந்தப் பேரு அங்க ஆயிரக்கணக்குல இருக்குது. அதுவும் தெக்குப் பக்கம் ஜாஸ்தி. ஆலிவ் தோப்பு இருக்கிற ஊருங்க."

"தோப்புன்னா வெவசாயம். ஜாஸ்தின்னா பெரும்பான்மை." இளஞ்செழியன் கணக்குப் போட்டார். "நம்பள மாதிரித் தான்."

அன்றே சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டார்: 'மாப்பிள்ளை வீட்டார் ஏற்றுமதி செய்பவர்கள் அல்ல. அது தவறான தகவல். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் பெரும்பான்மையாக வாழும் விவசாயப் பெருங்குடியினர்.' ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிடு, பதினேழு பூங்கொத்து.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் திட்டு வாங்கிய பிரவீன்குமாருக்கு மாமனிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற வேகம். அந்தப் பெயரைப் பற்றிய முழுக் கட்டுரையையும் போனிலேயே தமிழாக்கி, ஒரு வரி கூடப் படித்துப் பார்க்காமல், 'மாமா சொன்னதற்கு ஆதாரம்' என்று தலைப்பு வைத்துக் குழுவில் போட்டுவிட்டான்.

செவ்வந்திதான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "'எக்ஸ்போசிட்டோ என்றால் லத்தீன் மொழியில் வெளியே வைக்கப்பட்டது என்று பொருள். பெற்றவர் யாரென்று தெரியாமல் ஆசிரம வாசல்களில் விடப்பட்ட குழந்தைகளுக்கு முற்காலத்தில் இப்பெயர் சூட்டப்பட்டது. அத்தகைய குழந்தைகள் ஏராளமாக இருந்ததால் இப்பெயர் பரவலாகக் காணப்படுகிறது.' ஏங்க, நம்மூர்ல தொட்டில் குழந்தைன்னு சொல்லுவாங்களே, அது மாதிரியா? ஐயோ பாவம்!"

"பாவமா? யாருடி பாவம்? நான் தான் பாவம்!"

குழுவில் கும்பிடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பூங்கொத்து கொடுத்தவர்களும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இளஞ்செழியன் மகளுக்குப் போன் போட்டார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்பா. நூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்தப் பேரை மாத்திக்கலாம்னு அங்க சட்டம் வந்துருச்சி. நெறைய பேரு மாத்திக்கினாங்க. மத்தேயோவோட கொள்ளுத்தாத்தா மட்டும் மாட்டேன்னுட்டாராம். 'தூக்கி வளர்த்தவங்க வெச்ச பேரு, அதுல இன்னா வெக்கம்'னு கேட்டாராம். அந்தக் கதையைக் கேட்டப்புறம் தான்பா எனக்கு அவனை ரொம்பப் புடிச்சுது."

"தாய் தகப்பன் தெரியாத வம்சத்துக்கு என் வூட்டுப் பொண்ணு போவ மாட்டா. போனா, இந்த மண்ணுல ஒரு பிடி கூட உனக்குக் கெடையாது!"

"மண்ணுக்காகவா உங்ககிட்டச் சொன்னேன்?" என்றாள் தனுஷா. அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. அது கேட்டும் கேட்காதவர்போல் போனை அணைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துச் சின்னசேலத்துக்குக் கிளம்பினார்.

பத்திரம் எழுதும் ஜான் பாஷாவுக்கு அறுபத்தைந்து வயது. அந்த வட்டாரத்தில் அவர் எழுதாத நிலம் குறைவு.

"பாய், ஒரு உயில் எழுதணும். பொண்ணுக்கு ஒரு சென்ட் போவக் கூடாது. எல்லாம் என் தம்பி மவனுக்கு."

"டீ சாப்புடுங்கண்ணே."

"டீ வாணாம்!"

"ஆத்திரத்துல எழுதற உயிலை ரத்து பண்ணவும் என்கிட்டத் தான் வருவாங்க. சரி, நெலம் உங்களுக்கு எப்படி வந்துது?"

"எப்படி வந்துதாவா? பூர்வீகம் பாய்! ஏழு தலைமுறையா எங்க ரத்தம் ஓடுற மண்ணு. வாசல்ல கெடந்த வம்சமா நாங்க?"

ஜான் பாஷா பேனாவை மூடி வைத்தார். "அப்போ எழுத முடியாதுங்களே. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்குப் பொறக்கும்போதே பங்கு வந்துருது. உங்க பங்கை வேணா யாருக்கு வேணா எழுதுங்க. பொண்ணு பங்குல கை வைக்க முடியாது."

இளஞ்செழியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்போ பூர்வீகம் இல்லன்னு போட்டுடுங்க."

"இப்பத் தானே ஏழு தலைமுறைன்னீங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"என் இஷ்டத்துக்குப் போட முடியாதுண்ணே. மூலப்பத்திரத்தை எடுத்துகினு வாங்க. தாத்தா காலத்துல வெலைக்கோ தானமாவோ வந்திருந்தா வேற கணக்கு. அதுல இன்னா இருக்குதோ அது தான்."

மறுநாள் காலை பரண்மேல் ஏறி, தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினார். அடியில் பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்தது. கூட்டெழுத்தில் எழுதியிருந்ததால் வீட்டில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. பட்டா கையில் இருக்க, படிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"பொண்ணு ராத்திரி முழுக்க அழுதுகினு இருந்துது. அந்தப் பையனும் லைன்ல வந்து, தெரிஞ்ச ரெண்டு தமிழ் வார்த்தையில 'அத்தை, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறான். கொஞ்சம் பொறுங்களேன்," என்றாள் செவ்வந்தி.

"பொறுக்கறதா? இன்னிக்கு ஒரு முடிவு பண்ணிட்டுத் தான் சோறு!"

பத்திரத்தைக் கையில் வாங்கிய ஜான் பாஷா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நகர்ந்தார். ஒரு பக்கம் முடிய அரை மணி நேரமானது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றார். திரும்ப அதே இடத்துக்குப் போனார். இளஞ்செழியனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

இளஞ்செழியன் மேசையைத் தட்டினார். "இன்னா பாய் இழுத்துகினே இருக்கீங்க! பூர்வீகமா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!"

ஜான் பாஷா கோர்ட்டில் வாசிக்கும் குரலில், விரலை வரிமேல் வைத்து வாசித்தார்: "'ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் வாசலில் பழந்துணியில் சுற்றிக் கிடந்து, தாய் தகப்பன் இன்னாரென்று விளங்காமல், நான் எடுத்து வளர்த்த அர்த்தநாரிக்கு என் மனப்பூர்வமாய்த் தானமாக...' அர்த்தநாரி உங்க தாத்தா தானே? நீங்க கேட்ட மாதிரியே ஆயிடுச்சிண்ணே, உங்களுக்குப் பூர்வீகம்னு ஒண்ணும் இல்ல."