காற்றுக்குப் பில் இல்லை

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும், நாலுதான் ஓடியது. இது மேலதிகாரியின் கனிவான கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மாத முடிவுக்குள் மைலேஜ் ஏறாவிட்டால் டிரைவரை வேலையைவிட்டு எடுப்பதென்று முடிவானது. பதினெட்டு வருஷமாக அதே லாரியோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், பாவம்.

"ஐயா, பின் டயர்ல காத்து கம்மி. அதான் டீசலைக் குடிக்குது" என்றார் டிரைவர்.

"காத்து என்ன விலை?"

"பங்க்ல சும்மாவே அடிச்சு விடுவாங்க ஐயா."

அதிகாரி முகம் சுளித்தார். "பில் இல்லாத சரக்கை ஆபீஸ் வண்டியில ஏத்துவியா? நாளைக்கு ஆடிட்டுல எவன் பதில் சொல்றது?"

ஆகவே, பொதுநலன் கருதி, லாரிக்கு உயர் ரக டீசல் போடும்படி ஆணை பிறந்தது. இந்த எஞ்சினுக்குச் சாதா டீசலே போதும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. டிரைவர் அதைப் பிரித்துக் காட்டினார். "புத்தகம் பழசு" என்றார் அதிகாரி.

நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "நம்ம லாரிக்கே உசத்தி டீசல்!" என்று தெருவே நெஞ்சை நிமிர்த்தியது. எதிர்வீட்டுக்காரர் தன் ஓட்டைக் காருக்கும் அதையே ஊற்றிவிட்டு, "சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது மாப்ளே!" என்று அளந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாள் நானும் என் காருக்குப் போட்டேன். மைலேஜ் ஒரு முழம்கூட ஏறவில்லை. வெளியே சொல்வேனா?

விலை கூடிய டீசலாயிற்றே, மாத ஒதுக்கீடு இருபதாம் தேதியே தீர்ந்தது. லாரி நின்றது. வீட்டுக்கு வீடு குடங்கள் காய்ந்தன. மாதக் கடைசியில் மைலேஜ் சோதனை. லாரி ஆபீஸ் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். டிரைவர் பிழைப்பு போய்விடக் கூடாதென்று முப்பது பேர் கூடித் தள்ளினோம். ஒரு கிலோமீட்டர்! காற்றில்லாத டயர் வேறு. நாக்குத் தள்ளிவிட்டது.

அதிகாரி குறித்துக்கொண்டார். ஓடிய தூரம் ஒரு கிலோமீட்டர். செலவான டீசல் பூஜ்யம். அவருக்குக் கண்கள் கலங்கின.

"உயர் ரக டீசலோட மகிமையைப் பாத்தீங்களா? போடாதப்பவே இந்த ஓட்டம் ஓடுதே!"

அங்கேயே ஆணை தயாரானது. இனி லாரி இதே முறையில் இயங்கும். தெருவாசிகள் முறை வைத்துத் தள்ளுவார்கள். டிரைவர் பணியிடம் ரத்து.

"ஐயா, மைலேஜ்தான் ஏறிடுச்சே!" என்று பதறினார் டிரைவர்.

"அதான்யா சொல்றேன். டீசலே தேவைப்படாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு?"

ஆணையின் கடைசி வரியில் எங்கள் தெருவின் மகத்தான ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அதை வாசித்ததும் கைதட்டினோம், நானும்தான். டிரைவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். அப்போதும் ஒருத்தரும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து, "தாகமா இருக்கு, ஒரு செம்பு தண்ணி குடு" என்றேன்.

"தள்ளிட்டு வாங்க" என்றாள் மனைவி.