பானெட்டுக்குப் போட்ட பூட்டு

என் பிக்கப் வண்டியில் திருடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று சபதம் எடுத்தேன். பேட்டரியை அவன் திருடவில்லை. பேட்டரிக்குள் இருக்கிற சார்ஜைத் திருடினான். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

என் பெயர் கோலப்பன். வீடு கரமனையில். நாகர்கோவில் பக்கமிருந்து இங்குள்ள சாலை பஜாருக்கு வாழைக்குலை ஏற்றிவருவது தொழில். எனக்கென்று இருப்பது அந்தப் பிக்கப்பும் மனைவி சொர்ணம்மாளும். பிக்கப் நின்றால் கிளம்பாது. சொர்ணம் கிளம்பினால் நிற்கமாட்டாள்.

நான் சொல்வது, சாயங்காலமானால் தவறாமல் கரண்ட் கட் ஆகிற காலம். இருட்டில் வீட்டில் உட்கார எனக்குப் பிடிக்காது. வண்டியைப் போட்டுவிட்டு முக்கு டீக்கடையில் சீட்டு விளையாடிவிட்டு, விளக்கு வந்தபிறகுதான் திரும்புவேன். மறுநாள் காலையில் 'டிக்'. தாமதமாகப் போனால் குலைக்காரர்கள் வேறு வண்டி பிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே பிடித்தும் விட்டார்கள். இப்படியே போனால் இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்கள்.

மெக்கானிக் சத்தியதாஸிடம் காட்டினேன். பேட்டரியையும் டைனமோவையும் பார்த்தான்.

"ரெண்டுக்கும் ஒரு குழப்பமும் இல்ல அண்ணே. வண்டி நிக்கும்போ என்னமோ கரண்டைக் குடிக்குது."

பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்தான். வண்டியில் ஏதாவது கள்ளத்தனமாகக் கரண்ட் குடித்தால் பல்பு எரியும். எரியவில்லை.

"வண்டி குடிக்கல. குடிக்கது வெளியாளு" என்றான்.

வெளியாள் யார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ராஜையன். வண்டி கிளம்பாத காலைகளில், நான் கூப்பிடுமுன்பே வாசலில் வந்து நிற்பான். "தள்ளணுமா அண்ணாச்சி?" என்பான். அவன் பின்னால் தெருவே நிற்கும். நோய் வருமுன் வருகிற வைத்தியனை நம்பலாமா?

"ராஜையன்தாம்டி" என்றேன் சொர்ணத்திடம்.

"அவரு எதுக்கு உங்க கரண்டை எடுக்காரு? குடத்துலயா பிடிச்சிட்டுப் போவாரு?"

"அவன்கிட்டயும் ஒரு ஜீப்பு இருக்குல்லா?"

"அதுல கோழில்லா அடையுது."

"கோழிக்கு வெளிச்சம் வேண்டாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு இரக்கத்தோடு பார்த்ததில்லை.

பானெட்டில் கொண்டி வைத்து, பெரிய பூட்டாகப் போட்டேன். சாவியைச் சொர்ணத்திடம் கொடுத்தேன்.

"யாரு கேட்டாலும் கொடுக்கப்படாது. ராஜையன் அழுதாலும் கொடுக்கப்படாது."

"யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாளும் 'டிக்'. கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று ராஜையனின் சட்டையைப் பிடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"முதல்ல தள்ளிருவோம் அண்ணாச்சி. பிறகு ஏசுங்க."

குற்றமுள்ளவனுக்குத்தான் இத்தனை பொறுமை வரும். என் சந்தேகம் உறுதியானது.

அன்று சாயங்காலம், மலைமேல் இருக்கிற போனக்காட்டுக்கு வேறொருத்தர் வண்டியில் போகிறேன், நாளைக்குத்தான் வருவேன் என்று சொர்ணத்திடம் சொன்னேன். முகம் மலர்ந்து வழியனுப்பினாள். அதையும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தெருவைச் சுற்றிவந்து பிக்கப்பின் பின்பக்கம் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில் படுத்தேன். கரமனைக் கொசுக்கள் முழுவதும் எனக்குத் துணைக்கு வந்தன.

கரண்ட் போனது. காலடிச் சத்தம். பூட்டு திறந்தது. பானெட் மேலே எழும்பியது. ஜாக்கி லீவரோடு கீழே குதித்தேன்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது சொர்ணம். கையில் இரண்டு கிளிப். அதிலிருந்து ஒரு வயர் எங்கள் அடுக்களை ஜன்னலுக்குள் போனது.

"போனக்காடு போகலியா?" என்று கேட்டாள், நான்தான் திருடன்போல.

"சாவியை யாருக்கும் கொடுக்காதேன்னு சொன்னேனே?"

"கொடுத்தேனா? நாந்தானே திறந்தேன்."

"இது என்ன வயரு?"

"எந் தம்பி ஒரு பெட்டி செஞ்சு தந்தான். பேட்டரில மாட்டினா கரண்ட் இல்லாட்டியும் டிவி ஓடும், ஃபேன் ஓடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சீரியல் தொடங்கிரும்."

உள்ளே போனேன். தெருவே உட்கார்ந்திருந்தது. என் நாற்காலியில், என் ஃபேனுக்கு நேராக, ராஜையன்.

"இத்தனை பேரும் ஓசியிலயா?" என்றேன்.

"யாரு சொன்னா ஓசின்னு?" என்றாள் சொர்ணம். "சாயங்காலம் பாத்தவங்க காலைல வந்து வண்டியத் தள்ளணும். அதுதான் டிக்கட்டு. இல்லேன்னா உங்க வண்டிய எவன் தள்ளுவான்?"

ஒரு தெருவின் நல்ல மனசை நினைத்து எத்தனையோ காலைகளில் நெஞ்சு நெகிழ்ந்திருக்கிறேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது டிவியில் ஒரு மாமியார், மருமகளின் பாலில் எதையோ கலந்தாள். மருமகள் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் கத்தலாம் என்று நின்றேன். தம்ளர் கை மாறியது. மாமனார் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"மறைக்காதீங்க அண்ணாச்சி" என்று யாரோ சொன்னார்கள். தரையில் உட்கார்ந்தேன். விளக்கு வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, நான் உட்பட.

காலையில் 'டிக்'. சொன்னபடி தெரு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டி அசையவில்லை. சொர்ணம் கதவருகே வந்தாள்.

"நேத்து நீங்களும் பாத்தீங்கல்லா? இறங்கித் தள்ளுங்க. ஸ்டியரிங்கை ராஜையன் அண்ணன் பிடிப்பாரு."

"அவனுந்தானே பாத்தான்?"

"அவரைக் கள்ளன்னு சொன்னீங்கல்லா, அதுக்கு இன்னைக்கு அவருக்குத் தள்ளுபடி."

இறங்கினேன். தெருவோடு சேர்ந்து தோளைக் கொடுத்தேன். ராஜையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"கொஞ்சம் பலமா, அண்ணாச்சி."