வலது மூலை அசல், இடது மூலை போலி

அன்பும் மரியாதையும் மிகுந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கு அவள் நலம். நானும் நலம்தான், வருகிற ஞாயிறு நீங்கள் வந்து இறங்கும்வரை.

நீங்கள் அவளுக்கு அனுப்பிய சென்ட்டைக் கொட்டிவிட்டேன் மச்சான். பீரோவில் காலுறை தேடப் போக, பாட்டில் உருண்டு, மூடி கழன்று, நான் அவிழ்த்துப் போட்டிருந்த பனியன் மேல் கவிழ, பதறிப்போய் அந்தப் பனியனையே பிழிந்து ஒரு கண்மருந்துக் குப்பி அளவுக்கு மீட்டேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள். அப்புறம் நடைபாதைக் கடையில் அதே பெயரில் விற்கும் போலியை வாங்கி பாட்டிலை நிரப்பி வைத்தேன். "அசலோட கூடப் பொறந்தது சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கூடப் பிறந்ததா? பங்காளி!

என் மூக்கு எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அசலில் ஒரு ஆழம், ஒரு கம்பீரம், காலையில் தடவினால் சாயங்காலம்வரை ஆளை விடாத ஒரு பிடிவாதம். போலியோ, தரை துடைத்த தண்ணீர். சந்தேகம் தீர, வலது மணிக்கட்டில் அசலும் இடதில் போலியும் தடவி ஆபீஸ் காசாளரிடம் நீட்டினேன். "இடது சும்மா பூ வாசனை சார். வலதுல என்னமோ இருக்கு, ஒரு மனுஷன் பாடுபட்ட மாதிரி" என்றார். அவருக்கே தெரிந்தால் உங்கள் தங்கைக்குத் தெரியாதா? தெருமுனையில் நான் பிடிக்கிற சிகரெட்டை மாடியிலிருந்தே பிடிக்கிற மூக்கு அது! "அண்ணன் வர்ற அன்னிக்குத்தான் போட்டுக்குவேன்" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள். பூச்சாடி உடைத்ததற்கே ஒரு மாதம் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். இப்போது சுவருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்காது.

ஒரு புதுப் பாட்டில் ரகசியமாக வாங்கி வந்து என்னைக் காப்பாற்றுங்கள். நீங்களும் ஏமாறக் கூடாதே என்று இந்தத் தாளின் வலது மூலையில் அசலையும் இடது மூலையில் போலியையும் தொட்டு வைத்திருக்கிறேன். வலது மூலை மாதிரி மணந்தால் மட்டும் வாங்குங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எனக்கு யாராவது ஆசி சொன்னால் தேவலை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுத்துவரப் போன நேரத்தில் அவள் இதைப் படித்துவிட்டாள். இரண்டு மூலையையும் முகர்ந்தாள். "அண்ணன் குடுத்ததை வேற குப்பியில ஊத்தி என் ஆபீஸ் டிராயர்ல பூட்டிட்டேன். உங்க கை லட்சணம் தெரிஞ்சுதான் பீரோ பாட்டில்ல நடைபாதைச் சரக்கை ஊத்தி வெச்சேன். ரெண்டு மூலையும் ஒரே கடைங்க."

"அப்போ அந்த ஆழம்?" என்றேன்.

"உங்க பனியன்."

கிழிக்கப் போனேன். "அனுப்புங்க, அண்ணனும் மோந்து பாக்கட்டும்" என்று அவளே தபால்தலை ஒட்டிவிட்டாள். மச்சான், வலது மூலையை இதற்குள் முகர்ந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.