கனவில் வந்த மொழி

பொய் சொன்னால் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பொய்யை வைத்துப் பட்டறையே நடத்தப் போனேன்.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளராக இருந்துகொண்டு, வேலை இடைவெளிகளில் ஒரு மாயாஜால நாவல் எழுதி முடித்திருந்தேன். டிராகன் உண்டு. கூசாம் என்றொரு இளவரசன், ராவுலெக் என்றொரு இளவரசி, மந்திரம் ஓத அவர்களுக்கென்று தனி மொழி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அரங்கில் நாவல் வாசிப்பு, அது முடிந்ததும் ‘கற்பனை மொழி உருவாக்குவது எப்படி?’ என்ற பட்டறை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பதிப்பாளர் ஒருவர் வருகிறார், பிடித்தால் புத்தகமாகப் போடுவார் என்று ஏற்பாட்டாளர் சேகர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அன்று காலை கொமுட்டர் ரயிலில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கிள்ளானில் எழுந்தேன். ஷா ஆலமில் உட்கார்ந்தேன். சுபாங்கில் மறுபடி எழுந்து, தாள்களை நான்காவது முறையாக எண்ணினேன்.

“உக்காருங்களேன். டிக்கெட் வாங்காம வந்துட்டீங்கன்னு நெனைக்கப் போறாங்க” என்றாள் என் மனைவி கவிதா.

அரங்கில் இருபது பேர். நான் நின்றபடி வாசித்தேன். (உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் தாளம் போடுகிறது.) டிராகன் துயிலெழும் கட்டம் வந்ததும் கையை உயர்த்தி முழங்கினேன்:

“கோக்கோரெம் ஞாராலிட்!”

அரங்கம் அமைதியானது. பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பதிப்பாளர் முன்னால் சாய்ந்தார். “இந்த மொழி எப்படி வந்துச்சு?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. “கனவுல வந்துச்சு சார். மூணு வருஷமா வந்துச்சு. இலக்கணமே இருக்கு” என்றேன். (இலக்கணமாம்!)

இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார். பெயர் பிரேமா, கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி என்று அறிமுகம் செய்துகொண்டார்.

“அண்ணே, அந்த மந்திரத்த இங்லிஷ் எழுத்துல போர்டுல எழுதுங்களேன்.”

பெருமையோடு எழுதினேன். அவர் எழுந்து வந்தார், மார்க்கரை வாங்கினார், கடைசி எழுத்திலிருந்து தொடங்கி முதல் எழுத்துவரை கீழே எழுதினார். ‘டிலாராங் மெரோகோக்’ என்று வந்தது. மலாயில், புகைபிடிக்கக் கூடாது.

“இந்த போர்டத்தான் அண்ணே தெனம் ஃபேக்டரில மாட்டிக்கிட்டு இருக்கேன்.”

வார்த்தை கிடைக்காத போதெல்லாம் கிடங்குச் சுவரில் இருந்த பலகைகளின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தேன். அதுதான் என் மூன்று வருடக் கனவு. புகை கக்கும் டிராகனை என் நாயகன் ‘புகைபிடிக்காதே’ என்று சொல்லி எழுப்பியிருக்கிறான்.

பிரேமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்போ கூசாம்... மாசுக்! ராவுலெக்... கெலுவார்!”

இளவரசன் நுழைவாயில். இளவரசி வெளியேறும் வழி.

“அதான் ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சேரல லா!” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

அரங்கம் வெடித்தது. பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் “ஒரு அவசர ஃபோன்” என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய கதவைத் திறந்து புகுந்து சாத்தினேன்.

ஒரே இருட்டு. காலில் வாளி இடறியது, முகத்தில் ஈரத் துடைப்பம் உரசியது. ஸ்டோர் ரூம்! உடனே வெளியே வந்தால் இருபது முகங்கள். உள்ளேயே நின்றேன். ஒவ்வொரு சிரிப்பும் கதவைத் தாண்டி வந்தது. கடைசியில் சேகர் தட்டினார்.

“பாஸ், ஃபோன் பேசி முடிச்சிட்டீங்களா? உங்க ஃபோன் மேசையிலதான் இருக்கு.”

வெளியே வந்தால் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. பிரேமா பட்டறையைத் தொடங்கியிருந்தார். எல்லாரும் சாலைப் பலகைகளின் சொற்களைத் திருப்பிப் போட்டுச் சாபமும் வரமும் செய்துகொண்டிருந்தார்கள். கவிதாவும் ஒன்று செய்திருந்தாள்.

போகும்போது பதிப்பாளர் என் தோளைத் தட்டினார். “இத சிரிப்புக் கதையா மாத்துங்க. நான் போடுறேன்.”

இரண்டு மாதம் அந்தத் தாள்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாற்றினேன். பிரேமாதான் பிழை திருத்தினார், நாவலுக்குள் இன்னும் ஏழு பலகைகளைக் கண்டுபிடித்தார். நான் கண்ணீர் விட்டு எழுதிய இடத்தில்தான் வாசகர்கள் அதிகம் சிரிக்கிறார்கள்.

இன்றும் வீட்டில் பேச்சு எனக்கு எதிராகத் திரும்பி, நான் மெதுவாக நாற்காலியைவிட்டு எழுந்தால், கவிதா தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்:

“வாசல் அந்தப் பக்கம்.”