வால் எலும்பும் ஓட்டை மெமரியும்

இனிமேல் இந்த வீட்டில் எந்த எலும்பு யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்று ஒரு திங்கட்கிழமை காலை அறிவித்தேன்.

ஜிபார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிங்க" என்றாள்.

இருபத்து மூன்று வருட இல்லறத்தில் என் மனைவி இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர்களோடு குடும்பம் நடத்திவிட்டு பிஷ்கெக்குக்குத் திரும்பியவன் நான். கிர்கிஸ், ரஷ்யன் என்று இரண்டு மொழியில் படித்தவன். பெண்டாட்டி சொல்லும் 'சரி'க்கு என்ன பொருள் என்று இரண்டிலும் சொல்லித்தரவில்லை.

விஷயம் இதுதான். சனிக்கிழமை எங்கள் புதுவீட்டு விருந்து. நாற்பது பேர். எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி, வேகவைத்த ஆட்டை எலும்பு எலும்பாகப் பிரித்து, வயசுக்கும் உறவுக்கும் தக்கபடி பங்கு வைக்க வேண்டும். பெண்களில் மூத்தவளுக்குக் கொழுப்போடு வால் எலும்பு. அதை ஆள் மாற்றிக் கொடுப்பது கொலைக்குச் சமம். கொலையையாவது நாளடைவில் மன்னித்துவிடுவார்கள்.

மூத்தவள் யார் என்பதில்தான் சிக்கல். என் அக்கா சாய்ராவும் ஜிபாரின் பெரியம்மா உரும்கானும் ஒரே வருடத்தில், ஆடு குட்டி போடும் பருவத்தில் பிறந்தவர்கள். இருவர் சான்றிதழிலும் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டு குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டார்.

"ரெண்டு ஆடு அடிச்சிட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எந்த ஆடு பெருசுன்னு அப்புறம் யாரு பஞ்சாயத்து பண்றது?" என்றாள் ஜிபார்.

போன விருந்தில் எலும்பு பெரியம்மாவுக்குப் போனது. அக்கா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள். "இந்தத் தடவையும் அந்தக் கிழவிக்குப் போச்சுன்னா, உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்தக் கிழவியும் இவளும் ஒரே வயசு என்பதை நான் நினைவூட்டவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

ஆகவே என் திட்டம். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அக்கா பெயர் முதலில். யாராவது கேட்டால், "மெஷின் போட்ட வரிசைங்க, நான் என்ன பண்ண?" கம்ப்யூட்டருக்கு மாமியார் வீடு கிடையாது. அது சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் ஏற்றி வைத்த பட்டியலைத் திறந்தேன். திறக்கவில்லை.

அது மட்டுமில்லை. புகைப்படங்கள் அங்கங்கே சாம்பல் நிறமாகியிருந்தன. எங்கள் கல்யாணப் படத்தில் ஜிபார் முழுசாக இருந்தாள். நான் இடுப்புக்குக் கீழே இல்லை.

"படம் சரியாத்தானே இருக்கு" என்றாள் அவள்.

"டிஸ்க் போயிருக்கு, பைபிச்சே." வீட்டுத் தலைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். குறிப்பாக, நமக்கு ஏதாவது ஆக வேண்டியிருக்கும்போது.

"நீங்க பார்க்காத பழுதா? பாருங்க."

பார்த்தேன். டிஸ்க்கைச் சரிசெய்யும் நிரலை ஓட்டினேன். அது நூறு பிழைகளைச் சரிசெய்தது. மறுபடி ஓட்டினேன். இருநூறு பிழைகளைச் சரிசெய்தது. பெருமையாக இருந்தது.

புதன்கிழமை புது டிஸ்க் போட்டேன். அதிலும் அதே கதை. கேபிளை மாற்றினேன். மின்சாரத்தைத் திட்டினேன். பூனையைச் சந்தேகப்பட்டேன். டைனிங் டேபிள் மேல் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். விருந்துக்கு மூன்று நாள்தான். மிச்சமிருந்த மூலையில் ஜிபார் கிண்ணத்தை வைத்தாள். டீ ஊற்றினாள். எங்கள் ஊரில் மரியாதைப்பட்டவருக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். எனக்குத் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

வியாழக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஒரு ஃபைலை முழுக்கப் படித்து, அதற்குக் கைரேகை போல ஒரு நீளமான எண் கொடுக்கும் சோதனை உண்டு. ஃபைல் மாறாதவரை எண் மாறக் கூடாது. ஒரு பெரிய வீடியோவை வைத்து மூன்று தடவை ஓட்டினேன். மூன்று வெவ்வேறு எண் வந்தது.

"பார்த்தியா? புது டிஸ்க்கும் போச்சு!"

ஜிபார் பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

"ஃபைலை நடுவுல யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்ல."

"ஒரே ரத்தம். மூணு தடவை வச்சீங்க. மூணு கணக்கு வருது. எங்க லேபுல நோயாளியவா மாத்துவோம்? எண்ணுற மெஷினைத்தாங்க பார்ப்போம்."

"எண்ணுறது பிராசஸர். அது கெடவே கெடாது."

"எண்ணும்போது எதுல வச்சுக்கிட்டு எண்ணும்?"

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"போன மாசம் பஜார்ல பழைய சாமான்காரன்கிட்ட ஒரு மெமரி வாங்கிட்டு வந்து, பாதி விலைன்னு மூணு நாள் பாடினீங்களே. அதுக்கு முன்னாடி இந்தக் கோளாறு இருந்துச்சா?"

இரண்டாவது செருப்பையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கணக்குப் போடும்போது கம்ப்யூட்டர் எதையும் வைத்துக்கொள்ளும் அந்த மெமரித் துண்டைச் சோதித்தேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அதற்குள் போடுவது ஒன்று, எடுப்பது வேறொன்று. அதைவிடக் கொடுமை, கெட்ட மெமரியோடு டிஸ்க்கைச் சரிசெய்தால், நல்ல ஃபைல்களையும் அது கெடுத்து எழுதும். மூன்று நாளாக வைத்தியம் என்ற பெயரில் நான் செய்துகொண்டிருந்தது கொலை. அந்தத் துண்டைக் கழற்றினேன். மறுபடி சோதித்தேன். பிழை பூஜ்யம்.

தோல்வியையும் பாடமாக நடத்துவதுதான் படித்தவனுக்கு அழகு. சாயந்திரம் அக்கா போன் செய்தபோது விளக்கினேன். பெரியம்மா செய்தபோதும் விளக்கினேன். மைத்துனர்கள், சம்பந்திகள், பால்காரி வரை விளக்கினேன். "கெட்ட மெமரி எங்க கை வைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு சத்தம் வராது. இவன் பேரை எழுதினா அவன் பேரைக் காட்டும்!" ஜிபார் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் தொழிலை அவள் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டது அன்றுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பட்டியலைப் புதிதாக அடித்தேன். நாற்பது பேர். முதல் வரி: வால் எலும்பு, சாய்ரா.

"நீங்க ஆடு பார்க்கப் போங்க. நான் பிரிண்ட் எடுத்து வச்சிடறேன்" என்றாள் ஜிபார்.

சனிக்கிழமை. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பக்கத்து வீட்டு அஸான்குல் அண்ணன் தாளைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

"வால் எலும்பு... உரும்கான்!"

கூடத்தில் கொழுப்பு உறையும் சத்தம் கேட்டது. அக்கா மெதுவாக எழுந்து, சால்வையைத் தேடினாள்.

"ஐயோ, அக்கா, உட்காருங்க!" ஜிபார் ஓடி வந்தாள். "இவர் உங்க பேரைத்தான் முதல்ல எழுதினாரு. என் கண்ணால பார்த்தேன். அந்தப் பாழாப்போன மெமரி மாத்திடுச்சு. நீங்களே சொல்லுங்களேங்க!"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"அந்த மெமரியத்தான் வியாழக்கிழமையே கழட்டியாச்சே!"

"அதை சத்தமா சொல்லுங்க. அப்ப மெஷின் தப்பில்லைன்னா யாரு தப்புன்னு கேட்பாங்க. பதில் வச்சிருக்கீங்களா?"

"நாற்பது பேர்ல சரியா முதல் வரியிலயா கை வைக்கும்?"

"எங்க கை வைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

எழுந்து நின்றேன். கெட்ட மெமரியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். இவ்வளவு உருக்கமாக நான் எங்கும் பேசியதில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி என் பேரைத்தான் எழுதியிருக்கான். அது போதும். மெஷின்மேல எனக்கென்ன கோபம்?" என்று உட்கார்ந்தாள். வால் எலும்பிலிருந்து ஒரு துண்டு கொழுப்பை அறுத்து, பெரியம்மா தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினாள். இருபது வருடத்தில் நடக்காதது. எல்லோரும் என் பழைய சாமான்காரனை வாழ்த்தினார்கள்.

அஸான்குல் அண்ணன் ஒவ்வொரு பெயராக வாசித்துக் கடைசிக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நாற்பத்தொண்ணு. விருந்து முடிஞ்சதும் பாத்திரம் கழுவ... வீட்டுக்காரர்."

நான் அப்படி ஒரு வரி எழுதவே இல்லை. அக்காவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பாவம்டி, அதுவும் அந்த மெஷின் பண்ண தப்புதானே?"

"இல்லக்கா" என்றாள் ஜிபார், "அது ஒண்ணுதான் சரியா வந்திருக்கு."