ஏழு வருடமாக ஒழுகிய கூரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே சறுக்குவதும், எழுத்துகள் பழைய சோபாவில் ஸ்பிரிங் துருத்துவது போல அங்கங்கே கிளம்பி நிற்பதும் எனக்கே தெரிகிறது. முப்பத்தெட்டு வருடம் சோபா தைத்த கை இது. ஊசியைக் கொடுத்தால் கோடு போட்டது போலப் போகும். பேனாவைக் கொடுத்தால் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். இதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எங்கே போனாலும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்ற உங்கள் அக்கா புருஷன் தன் கையால் எழுதுகிறேன். கையில் தேநீர் இருந்தால் கீழே வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் சுகம். மனதால் நான் விழுந்த இடத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் போனில், "மச்சான், அடுத்து பாக்கிறதுக்கு நல்லதா ஒரு பழைய காலத்துக் காதல் தொடர் சொல்லுங்க, நீங்கதான் அதுல கரை கண்டவரு" என்று கேட்டீர்கள். நானும் பெருமையாக, குதிரை வண்டியும் பெரிய மாளிகையும் வருமே, கூரை ஒழுகிக்கொண்டே இருக்குமே, அதைப் பாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்து நீங்கள் கூப்பிட்டு, "பாத்தேன் மச்சான், நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல எங்க கூரை ஒழுகுது?" என்றீர்கள். நீங்கள் பாதியில் தூங்கியிருப்பீர்கள் என்று நினைத்து, வயதாகிறது பாவம் என்று மனதுக்குள் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் அந்தத் தொடர்களில் அவர்கள் பேசும் பாஷை நமக்கு விளங்காது, கீழே தமிழில் எழுத்து ஓடும். எனக்கு அதுவும் விளங்காது. உங்கள் அக்காதான் ஏழு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் கதை சொல்கிறாள். முதல் தொடரின் கடைசியில் அந்த நல்ல பையன் குதிரையிலிருந்து விழுந்து அசையாமல் கிடந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "மயக்கம்தாங்க, வைத்தியர் வந்துக்கிட்டு இருக்காராம், போட்டிருக்கு" என்றாள். உடனே திரையின் மூலையில் ஒரு படம் வந்தது, அதை அமுக்கினாள், "இந்தா, கதை தொடருது" என்றாள். வேறு முகமாக இருக்கிறதே என்றேன். "காய்ச்சல்ல இளைச்சுட்டான், மீசையையும் எடுத்துட்டான்" என்றாள். நானும் சரி என்றேன். ஏனென்றால் சோபா அதே சோபா, மாப்பிள்ளை! பச்சை வெல்வெட், முதுகில் இருபத்திரண்டு பொத்தான், இடது கைப்பிடியில் ஒரு தையல் விட்டிருக்கும். எந்த வீட்டைக் காட்டினாலும் அதே சோபா வந்து நிற்கும். மனிதன் பொய் சொல்லலாம், சோபா சொல்லாது என்று நம்பினேன். யாராவது ஒருவன் ஒருத்தி முன்னால் மண்டியிட்டுக் கண்கலங்கினால், "என்னவாம்?" என்பேன். "கூரை ஒழுகுதாம், மராமத்து பாக்கணுமாம்" என்பாள். இருவரும் நிலா வெளிச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வேலி சாஞ்சிருச்சாம்." இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிவிட்டுப் பராமரிக்கத் தெரியாத மனிதர்களாக இருக்கிறார்களே, அந்த வெல்வெட் நனைந்தால் என்ன ஆகும் என்று நான் ஏழு வருடம் கவலைப்பட்டிருக்கிறேன்.

அப்படி நாள் தவறாமல் வாசித்து வாசித்து அவளுக்குத் தொண்டை கட்டுகிறதே, நாமே படிக்கக் கற்றுக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே என்றுதான், நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு மாதமாக நூலகத்துப் பின்னறையில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போனேன். "எட்டு மாசமா நடக்கிறீங்க, தொப்பை மட்டும் நின்ன எடத்துலயே நிக்குதே" என்று உங்கள் அக்கா கேட்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். எங்கள் நாற்பத்திரண்டாவது கல்யாண நாளன்று நானே சத்தமாக வாசித்து அவளை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்பது திட்டம். அந்த நாளும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே எழுத்து ஓடியது, ஓடியது என்றால் நிஜமாகவே ஓடியது, நான் இரண்டாவது சொல்லுக்குள் நுழைவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். நல்லவேளையாக ஒருவன் மண்டியிட்டு அழுதுகொண்டே மெதுவாகப் பேசினான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நீ இல்லாமல் எனக்கு ஒரு விடியலும் இல்லை" என்று போட்டிருந்தது. அதே நேரத்தில் என் காதருகே உங்கள் அக்கா, "மேற்கு மூலைல ஒழுகுதாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எப்படிச் சேர்த்தாலும் சேரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மத்தியானம் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசப் போகும் நேரமெல்லாம், முதலிலிருந்து போட்டு, அவள் கூரை, வேலி என்று சொன்ன இடங்களை மட்டும் தேடி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஐயோ மாப்பிள்ளை, என்னவென்று சொல்வது! அது ஒரே கதையே இல்லை. ஏழு தலைப்பு, ஏழு தொடர், ஏழு குடும்பம்! படம் எடுத்தவர்கள் அந்த ஒரே சோபாவை எல்லாத் தொடருக்கும் தூக்கிப் போயிருக்கிறார்கள். மூலையில் வந்த படத்துக்குக் கீழே "அடுத்து உங்களுக்காக" என்று போட்டிருக்கிறது, கதை தொடர்கிறது என்று எங்கேயும் இல்லை. குதிரையிலிருந்து விழுந்தவன் மயங்கவில்லை, செத்துப்போனான்! ஏழு வருடமாக நான் நல்லாயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன், முதல் தொடரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். சோபாவில் உட்கார்ந்து தனியாக அழுதேன். கூரை ஒரு இடத்திலும் ஒழுகவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. படிக்காதவன்தானே என்று என்னை இப்படி ஏமாற்றலாமா என்று. ஆனால் கல்யாண நாளுக்கென்று நான் எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கடிதம் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம், நாலே வரி, ஒன்பது நாள் பிடித்தது. "நீ இல்லாமல் எனக்கு ஒரு விடியலும் இல்லை" என்ற வரியையும் அந்த அழுமூஞ்சியிடமிருந்து எடுத்துச் சேர்த்தேன். அதற்குக் கீழே என் சொந்தச் சரக்காக, "முதுகுவலிக்கு நீ தைலம் தேய்த்தால்தான் கேட்கிறது" என்றும் எழுதினேன். சண்டைக்கு முன்னால் இதைக் கொடுத்துவிடலாம் என்று, யார் எழுதியது என்று சொல்லாமல், "வாசல்ல கெடந்துச்சு, என்ன போட்டிருக்குன்னு பாரேன்" என்று நீட்டினேன். வாங்கினாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மறுபடி மேலிருந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்குக் காலைல தண்ணி வராதாம்" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போய் நாலு வாளி தண்ணீர் பிடித்து வைத்தாள்.

எனக்குத் தரை நழுவியது. மாப்பிள்ளை, உங்கள் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது! நாற்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் என்று ஒருவருமே இருந்ததில்லை! கல்யாணப் பேச்சில் உங்கள் அப்பா, "பொண்ணு எட்டாவது படிச்சிருக்கு" என்றார், பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு நின்ற நீங்கள் பலமாகத் தலையாட்டினீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தால் அந்த ஆட்டு ஆட்டியதே சந்தேகமாக இருக்கிறது. அவள் வாசித்துக் கொடுத்த மருந்துகளை எல்லாம் நான் குடித்திருக்கிறேனே, அது என்ன மருந்து?

விஷயம் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் வராது என்று அவள் சொன்னது ஜன்னல் வழியாகத் தையல்காரம்மா காதில் விழுந்து, அவர் மாடிக்குச் சொல்லி, மாடி எதிர்வீட்டுக்குச் சொல்லி, அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்க வாளி, குடம், அண்டா. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததில் மேல்தொட்டி காலி. நிஜமாகவே தண்ணீர் நின்றுவிட்டது. கட்டட மேற்பார்வையாளர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "யாருங்க நோட்டீஸைப் பாத்தது? நான் ஒரு நோட்டீஸும் ஒட்டலையே?" என்றார். உங்கள் அக்கா சுவரோடு சுவராக நின்றாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எட்டு மாதம் கஷ்டப்பட்டுப் படித்த படிப்பை அந்த நிமிஷம் நான் தூக்கிப் போட்டேன். "நான்தாங்க. ஏதோ பழைய காகிதத்தை வெச்சுக்கிட்டு, தண்ணி வராதுன்னு நெனச்சுட்டேன்" என்றேன். "படிக்கத் தெரியாத மனுஷன் உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று அவர் கேட்க, படிக்கட்டு பூராவும் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை நாலு நாளாக எழுதுகிறேன். எழுதாத நேரத்தில் எங்கள் சோபா உறைக்குள் ஒளித்து வைக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் உண்மையிலேயே பள்ளிக்கூடம் போனாளா என்று எனக்கு மட்டும் எழுதுங்கள், போனில் சொல்லிவிடாதீர்கள். போகவில்லை என்றால் நான் அவளைக் கேட்கப்போவதில்லை. வெறும் முகங்களைப் பார்த்தே ஏழு குடும்பத்தை ஒரு குடும்பமாக்கி, செத்தவனை எழுப்பி உட்கார வைத்த பொம்பளை அவள். அந்தத் திறமைக்கு முன்னால் என் எட்டு மாதப் படிப்பு எம்மாத்திரம்? ஒரே ஒரு வருத்தம், என் நாலு வரி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடு போய்விட்டது. அடுத்து என்ன தொடர் பார்க்கலாம் என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான்: எந்தத் தொடரானாலும் சரி, இங்கே வந்து உங்கள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கீழே ஓடும் எழுத்தைப் பார்க்காமல் பாருங்கள். தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும் சேரட்டும். எல்லாரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: தபாலில் போடலாம் என்று இன்று காலை சோபா உறைக்குள்ளிருந்து எடுத்தேன். மாப்பிள்ளை, மேலே "நாலு வாளி" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை யாரோ பென்சிலால் அடித்து, முத்து முத்தான எழுத்தில் "ஆறு" என்று போட்டிருக்கிறார்கள்! கடைசிப் பக்கத்தின் பின்புறம் இன்னும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆனது. அப்படியே தருகிறேன்: "எட்டாவது முடிச்சு ஒன்பதாவதுல பாதி வருஷமும் படிச்சேன். குதிரைக்காரன் செத்துட்டான்னு சொன்னா நீங்க ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்க. மத்ததையெல்லாம் உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு எப்படி வாய்விட்டு வாசிக்கிறது, வெக்கமா இருக்காதா? உங்க கடுதாசியும் அப்படித்தான். அது என் பெட்டியில பத்திரமா இருக்கு. மருந்தெல்லாம் சரியான மருந்துதான். தம்பி, மச்சான் சொன்னதை நம்பாதே, ஏழாவது தொடர்தான் இருக்கிறதுலயே நல்லது."

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காதது போல விட்டுவிடுங்கள். நீங்கள் தலையாட்டியதும் நியாயம்தான். இன்றைக்கு முதல் தொடரை மறுபடி முதலிலிருந்து போடுகிறோம். உடன்படிக்கை ஆகிவிட்டது: கூரை ஒழுகும் இடங்களை எல்லாம் நிறுத்தி நிறுத்தி, இருக்கிறபடியே நான் சத்தமாக வாசிப்பேன், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம். குதிரையிலிருந்து விழும் இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், அதை அவள்தான் வாசிக்க வேண்டும். அவன் பிழைத்துக்கொண்டானா இல்லையா என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.