சோபா உறையும் என் கோட்டும் ஒரே துணியானது பற்றி

புட்வல்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் லால்ஜங் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ஜித்மான் தலை தாழ்த்தி எழுதுவது. பைரவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் இடுப்பைத் தவிர. தான்சேனில் அக்காவும் தறிகளும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தசைன் பண்டிகைக்குத் தாங்கள் தங்கள் தறியில் நெய்து அனுப்பிய டாக்கா துணி வந்து சேர்ந்தது. ஒரு தொப்பிக்குக் கேட்டால் ஒரு தெருவுக்கே அனுப்பிவிட்டீர்கள். சிவப்பும் கறுப்புமாய், முக்கோணம் முக்கோணமாய் நெய்த அழகைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தங்கள் தங்கை புன்மாயா கையில் கிடைத்ததே, அதைத்தான் சொல்கிறேன். ஜன்னலுக்குத் திரை, சோபாவுக்கு உறை, டிவிக்கு முக்காடு, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, அப்படியும் தீராமல் எனக்குக் கோட்டு, கால்சட்டை, தொப்பி. சனிக்கிழமை நம்ம சிர்ஜனாவைப் பெண் பார்க்கப் போகராவிலிருந்து வந்தாங்க இல்லையா, அன்னிக்கு அதையெல்லாம் மாட்டிவிட்டு, "சோபா மூலையில உட்காருங்க, அசையாதீங்க"ன்னு உத்தரவு. உட்கார்ந்தேன். பையன், அவன் அம்மா, எருமை மாதிரி ஒரு தாய்மாமன், மூணு பேரும் உள்ளே வந்தாங்க. கைகூப்பி "வாங்க"ன்னேன். அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடிச்சுது. "பொண்ணோட அப்பா எங்கே?"ன்னு அந்தம்மா என்னையே பார்த்துக் கேக்குறாங்க! "இங்கதான் இருப்பார், நீங்க உட்காருங்க"ன்னு அடுக்களையிலிருந்து உங்க தங்கச்சி குரல். மாமன் உட்கார்ந்தார். எங்கேங்கிறீங்க? என் மடியில, மச்சான்.

கத்தலாம்னா மூச்சு வேணுமே. "சோபா நல்லா மெத்துனு இருக்கு, ஸ்பிரிங்தான் முனகுது"ங்கிறார். அந்தம்மா மெதுவா, "பொண்ணு தங்கம்டா. அப்பன்தான் வாயாடியாம், அவர் பேச்சுக்குப் பயந்து கண்டக்டரே பஸ்ஸை விட்டு இறங்கிட்டாராம்"ங்கிறாங்க. எனக்கு ரோஷம் வந்துச்சு. ஆனா பொண்ணு தங்கம்னதும், அவ்வளவு எடைக்கு அடியிலயும் கண்ணு கலங்கிடுச்சு. சிர்ஜனா டீயும், வளையம் வளையமா சுட்ட செல் ரொட்டியும் கொண்டுவந்தா, என் கண்ணைப் பார்த்தா, "அப்பா!"ன்னு தட்டைப் போட்டா. மாமன் எழுந்த வேகத்துல என் தொப்பியும் கூடவே போச்சு. சூடு ஆறாத டீ பூரா பையன் பூட்ஸ்ல.

ஒரு பதிலும் சொல்லாம கிளம்பிட்டாங்க. வரன் போனது போனதுதான். ஆகையால் மச்சான், இனிமேல் தங்கள் தறியிலிருந்து ஒரு கைக்குட்டை அகலம்கூட இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மிகுந்த மரியாதையுடன் கண்டிக்கிறேன்.

குழந்தைகளுக்கு ஆசி. அக்காவுக்கு வணக்கம்.

இப்படிக்கு, நசுங்கிய
ஜித்மான் ஆலே

பி.கு: கடித உறையை ஒட்டும் முன் போகராவிலிருந்து போன் வந்தது. சம்மதமாம். "விருந்தாளி தன் மேலேயே உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை பேசாத சம்பந்தி எங்கே கிடைப்பார்?" என்று அந்தம்மா உருகினார்களாம். புன்மாயாவும் கடிதத்தைப் படித்துவிட்டாள். "துணி மிஞ்சினதாலயா உங்களுக்குக் கோட்டு தைச்சேன்? இதுக்கு முன்னாடி வந்த வரனெல்லாம் உங்க வாயாலதானே போச்சு! மாமன் உட்காருவார்னுதான் எதிர்பார்க்கல" என்கிறாள். கல்யாணப் பந்தலுக்கும் எனக்கும் சேர்த்து இன்னொரு சுருள் உடனே அனுப்பவும். முக்கோணம் மட்டும் மாறிவிடக் கூடாதாம்.